கல்லும் சீட்டும்



சென்னைக்கு முதன்முதலாகப் போய்வந்த கிராமத்தவரை, "பட்டணத்தில் என்ன பார்த்தீர்?" என்று கேட்டால், "உயிர் காலேஜும் பார்த்தேன், செத்த காலேஜும் பார்த்தேன்" என்று விடை சொல்லிய காலம் ஒன்று இருந்தது. உயிர் காலேஜ் என்பது மிருகக் காட்சிசாலை. செத்த காலேஜ் என்பது எழும்பூரில் உள்ள அரசாங்கப் பொருட்காட்சிசாலை. 1851-ஆம் ஆண்டு எட்வர்டு பால்ஃபோர் என்னும் மருத்துவரின் பொறுப்பில் தொடங்கப்பெற்ற அந்தச் சாலையில் பாடம் செய்த பறவைகள், எலும்புக் கூடுகள், சிப்பிகள், கற்கள் என்று உயிரற்ற பொருள்களே நிறைந்திருந்தமையால் மக்கள் அப்பெயரைச் சூட்டினர். உயிர் காலேஜும் முதலில் இந்தச் செத்த காலேஜின் வளாகத்திலேதான் பிறந்தது என்பது பலர் அறியாத செய்தி.

படித்தவர்கள் இப்பெயரைக் கேட்டுச் சிரிப்பார்கள். எனக்கோ, 'பொருட்காட்சிசாலை' என்று நம் புலவர்கள் ஆக்கித் தந்த சொல்லைவிட அந்தப் பாமரர் சொல்லே பொருத்தமாகத் தோன்றுகிறது. காட்சி என்றால் கண்டுவிட்டுத் திரும்பிவிடலாம். காலேஜ் என்றால் அங்கே கேள்வி கேட்க வேண்டும். கேட்ட கேள்வியையே இன்னொருவர் வந்து மறுபடியும் கேட்கலாம். செத்த பொருளிடம் கேள்வி கேட்பது எவ்வாறு, அது விடை சொல்லுமா என்பதைப் பற்றியே இன்று உங்களோடு சிறிது நேரம் பேச விரும்புகிறேன்.

நான் வாழும் ஊர் திருவண்ணாமலை. எங்கள் ஊரைப் போலவே ஒரு மலையின் அடியில் அமைந்த ஊர் ஒன்று அமெரிக்க நாட்டின் தென்மேற்கில் இருக்கிறது. நியூ மெக்சிகோ மாநிலத்தில், ரியோ கிராண்டு என்னும் ஆற்றின் கரையில் உள்ள ஆல்புகர்க்கி என்ற நகரமே அது. நான் அவ்வூரைக் கண்டவனல்லன். படித்து அறிந்ததையே சொல்கிறேன். மழை குறைந்த வறண்ட நிலம். நகரின் கிழக்கே சாண்டியா என்னும் மலைத்தொடர். சாண்டியா என்றால் ஸ்பானிய மொழியில் தர்பூசணிப் பழம். கதிரவன் மேற்கே சாயும்போது அம்மலை தர்பூசணியை அரிந்து வைத்தாற்போலச் சிவந்து தோன்றுமாம். மாலை வெயிலில் சிவக்கும் மலையைப் பற்றித் திருவண்ணாமலைக்காரனுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் இரு மலைகளுக்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. சாண்டியாவின் உடல் முழுதும் கருங்கல்லினம். ஏறத்தாழ 140 கோடி ஆண்டு வயதுடையது. அதன் உச்சியில் மட்டும், தலையில் தொப்பி வைத்ததுபோலச் சுண்ணாம்புப் பாறை படிந்திருக்கிறது. அத்தொப்பி ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலின் அடியில் படிந்தது. பதினாயிரம் அடி உயரத்தில் நின்றுகொண்டு, காலடியில் கிடக்கும் கல்லில் கடற்சிப்பியைக் காணலாம்! நம் அருணாசல மலைக்கு அத்தகைய தொப்பி இல்லை. அடி முதல் முடி வரை, பூமியின் ஆழத்தில் பெருவெப்பத்தாலும் பேரழுத்தத்தாலும் இறுகிய பாறை. இருநூறு கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டது. நெருப்பே மலையாக நின்றது என்பது தலபுராணம். பாறையியலாரும் வெப்பத்தில் பிறந்த கல் என்றே சொல்கின்றனர். அதற்குமேல் இரண்டையும் முடிச்சுப் போடும் துணிவு எனக்கில்லை. இப்பாறை உருவான நாளில் சிப்பியும் இல்லை, மீனும் இல்லை, மரமும் இல்லை. ஆகவே இம்மலையை எவ்வளவு குடைந்தாலும் ஓர் எலும்பும் கிடைக்காது.

அப்படியானால் பழைய உயிர்களின் சுவடுகளைக் காண நாங்கள் எங்கே போவது? நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. செஞ்சி, திண்டிவனம் வழியாகப் புதுச்சேரிப் பக்கம் சென்றால், விழுப்புரம் மாவட்டத்தில், சங்கராபரணி ஆற்றின் அருகே திருவக்கரை என்னும் ஊர் வரும். சந்திரமௌலீசுவரர் திருக்கோயிலும் வக்கிரகாளியின் சந்நிதியும் உள்ள தலம். பௌர்ணமியன்று எங்கள் ஊருக்குக் கிரிவலம் வருவோர் திருவக்கரைக்கும் போய் வருவதுண்டு. அவர்களில் எத்தனை பேர் கோயிலை விட்டுச் சிறிது தூரம் நடந்து, செம்மண் மேட்டில் கிடக்கும் அதிசயத்தைப் பார்த்திருப்பார்கள் என்பதுதான் ஐயம்.

அங்கே கிடப்பவை அடிமரங்கள். வெட்டி வீழ்த்திய மரங்களைப் போலச் சாய்ந்தும் பாதி புதைந்தும் கிடக்கின்றன. பட்டையின் வரி தெரிகிறாற்போல இருக்கிறது, குறுக்கே உடைந்த இடத்தில் வளையங்கள் தெரிகின்றன, கணுக்கள் தெரிகின்றன. தட்டிப் பார்த்தால் மட்டும் கல்லின் ஓசை. ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வளர்ந்த மரங்கள் இவை. இவற்றுக்குக் கிளையும் இல்லை, இலையும் இல்லை, வேரும் இல்லை. ஆகையால் இவை நின்ற இடத்திலேயே விழுந்தவை அல்ல, பெருவெள்ளத்தில் அடித்துவரப்பட்டு, உராய்ந்து, மணலில் புதையுண்டவை என்று அறிஞர் கருதுகின்றனர். புதைந்த மரம் மக்கிப்போகுமுன், சிலிக்கா என்னும் மணற்சத்துக் கரைந்த நீர் அதனுள் ஊறியது. மரத்தின் நுண்ணறை ஒவ்வொன்றிலும் அச்சத்துப் படிந்தது. மரப்பொருள் சிறிது சிறிதாக மறைய, கல் அதன் இடத்தைப் பிடித்தது. வீட்டிலிருப்போர் ஒருவர் பின் ஒருவராக வெளியேற, புதியவர் ஒருவர் பின் ஒருவராகக் குடிபுகுந்தாலும் வீட்டின் சுவர்கள் மாறாதிருப்பது போல, மரத்தின் அமைப்பு மாறாமல் நின்றுவிட்டது.

1781-ஆம் ஆண்டளவில் சொன்னெரா என்ற பிரெஞ்சு இயற்கை ஆராய்ச்சியாளர் இவற்றைப் பற்றி முதலில் குறித்தார். 1855-இல் ஷ்லைடன் என்ற ஜெர்மானியத் தாவர நூலறிஞர் இங்கிருந்து போன மரக்கல் ஒன்றுக்கு அறிவியல் முறையில் பெயரிட்டார். 1931-இல் நம் நாட்டுப் பேரறிஞர் பீர்பால் சாஹ்னி அவ்வகையை மீண்டும் ஆராய்ந்து, அதை வேறொரு பேரினத்தில் சேர்த்தார். பின் வந்தவர்கள் அவரையினத்தைச் சேர்ந்தவை, மருத மரத்தின் உறவுகள் என்று பலவற்றை இனம் பிரித்தனர். இன்று இவ்விடத்தைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்து, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை காத்து வருகிறது. ஊரார் கல்மரப் பூங்கா என்பர்.

இங்கே எங்கள் ஊர் மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 'சாத்தனூரில் இதைவிடப் பெரிய கல்மரம் இருக்கிறது' என்று புத்தகத்தில் படித்துவிட்டு, நம் சாத்தனூர் அணைக்குப் போய்த் தேடாதீர்கள். அது பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூர். அங்குள்ள மரம் திருவக்கரை மரங்களைவிடப் பன்மடங்கு பழையது. 18 மீட்டர் நீளம். 1940-இல் எம். எஸ். கிருஷ்ணன் அதனைக் கண்டறிந்தார். பிற்காலத்தில், 1951-இல், புவியியல் ஆய்வுத் துறையின் முதல் இந்திய இயக்குநரானவர் அவரே.

திருவக்கரையைப் பற்றி ஊரில் வழங்கும் ஒரு கதை உண்டு. இவை மரங்களே அல்லவாம். திருமாலால் மாண்ட வக்கிராசுரனின் எலும்புகளாம். கதையை ஏளனம் செய்ய வேண்டாம். கல்லாய்க் கிடப்பது ஒரு காலத்தில் உயிரோடு இருந்தது என்ற அளவில் அம்முன்னோர் உண்மையைத் தொட்டுவிட்டனர். மரத்தை எலும்பு என்றதுதான் பிழை. அப்பிழையை இன்று யார் வேண்டுமானாலும் தீர்த்துக்கொள்ளலாம். ஆராய்ச்சியாளர் ஒருவர், சேர்த்து வைத்த துண்டு ஒன்றிலிருந்து மெல்லிய சீவலை அறுத்துத் தேய்த்து, ஒளி ஊடுருவும்படி செய்து, உருப்பெருக்கியின் கீழ் வைத்தால் மரத்தின் குழாய்கள் தெரியும். எலும்பாக இருந்தால் வேறு விதமாகத் தெரியும். கல் கிடக்கிறது, ஆகவே கேள்விக்கு விடை கிடைக்கிறது.

இனி, இதற்கு நேர்மாறான ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். இதைச் சொல்லத்தான் இத்தனை தொலைவு உங்களை அழைத்து வந்தேன்.

அரியலூர் வட்டாரம் ஒரு காலத்தில் கடலோரமாக இருந்தது. அங்குள்ள கல்லமேடு என்ற இடத்தில், ஏறத்தாழ 7 கோடி ஆண்டுக்கு முற்பட்ட மண்ணடுக்கில், புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யாதகிரி, அய்யாசாமி என்ற இரு அறிஞர்கள் மிகப் பெரிய எலும்புகள் சிலவற்றைக் கண்டனர். கணைக்கால் எலும்பு ஒன்றின் நீளமே இரண்டு மீட்டர் என்று அவர்கள் அளந்து எழுதினர். உங்கள் வகுப்பில் மிக உயரமான மாணவன் அதன் அருகில் நின்றால் அவனையும் விஞ்சி நிற்கும் எலும்பு! 1980-களின் இறுதியில் வெளிவந்த கட்டுரையில் அவ்விலங்குக்குப் பிருகத்காயோசாரஸ் மேட்லியி என்று பெயர் வைத்தனர். பிருகத் காயம் என்றால் பேருடல் என்பது உங்களுக்குத் தெரியும். மேட்லி என்பவர் அவர்களுக்கு முன்பே அப்பகுதியில் ஆராய்ந்தவர்.

முதலில் அதனை ஊனுண்ணும் விலங்கு என்றே அவர்கள் எழுதினர். பின்னர் வந்த அறிஞர்கள், இத்துணைப் பெரிய உடல் நீண்ட கழுத்துடைய தாவர உண்ணிக்கே பொருந்தும் என்றனர். வேறு சிலர் இன்னும் ஒரு படி மேலே சென்று, "இவை எலும்புகள்தாமா? கல்லாகிப்போன மரத்துண்டுகளாக இருக்கலாமே!" என்று ஐயுற்றனர். பாருங்கள் விந்தையை! திருவக்கரையில் மரத்தை எலும்பு என்றார்கள் ஊரார். கல்லமேட்டில் எலும்பை மரம் என்று ஐயுற்றார்கள் அறிஞர்கள்.

சரி, ஒரு துண்டை எடுத்து அறுத்துப் பார்த்தால் தீர்ந்ததே என்பீர்கள். அங்கேதான் துயரம் இருக்கிறது. அந்த எலும்புகள் இன்று இல்லை. கல்லமேட்டு எலும்புகள் திருவக்கரை மரங்களைப் போல இறுகிய கல்லாகவில்லை. களிமண்ணும் மணலுமான அடுக்கில், நீர் பட்டால் உதிரும் நிலையில் கிடந்தவை அவை. எடுத்த எலும்புகள் நிலைக்காமல் சிதைந்து பொடியாயின. அவை இப்போது இல்லை என்ற செய்தி 2017-இல் உலகுக்குத் தெரியவந்தது. எஞ்சியவை கட்டுரையில் உள்ள அளவுகளும், சில கோட்டுச் சித்திரங்களும், பின்னர் 2022-இல் வெளியிடப்பட்ட சில பழைய புகைப்படங்களுமே. அப்படங்களைப் பார்த்தவர்கள் எலும்பே என்ற கட்சிக்கு வலிமை கூடியது என்கின்றனர். 2023-இல் இருவர் கணக்கிட்டு, இவ்விலங்கு 110 முதல் 170 டன் வரை எடையுள்ளதாக இருந்திருக்கலாம் என்றனர். அக்கணக்கு மெய்யாயின், நிலத்தில் நடந்த உயிர்களிலெல்லாம் பெரியது நம் அரியலூர் மண்ணில் நடந்தது! ஆயின் என்பதைத் தாண்டி ஓர் அடி வைக்க முடியவில்லையே. மறுபடியும் அளந்து பார் என்றால் அளப்பதற்குப் பொருள் இல்லை.

இதற்காக அந்த இரு அறிஞர்களைக் குறை கூறுவது என் நோக்கமன்று. பொடியும் எலும்பை வயலில் பார்த்தவர் படும் பாடு, மேடையில் பேசுகிறவனுக்கு எப்படித் தெரியும்? எலும்புக்குப் பசையூட்டி, சாந்துப்பட்டி கட்டி, மழைக்கு முன் கூரையின் கீழ்க் கொண்டு சேர்க்கப் பல கைகளும் பெரும் பொருளும் வேண்டும். அத்தனை கைகள் அன்று அங்கே இருந்தனவா என்பதே கேள்வி. இப்போது அரியலூருக்கு அருகே வாரணவாசியில் தொல்லுயிர்ப் படிவங்களுக்கென ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அவ்வழி செல்வோர் அவசியம் பார்க்க வேண்டும்.

மறுபடியும் ஆல்புகர்க்கிக்கு வாருங்கள். அந்நகரில் இயற்கை வரலாற்றுக்கும் அறிவியலுக்குமான பொருட்காட்சிசாலை ஒன்று 1986-இல் திறக்கப்பட்டது. வாசலில் வெண்கலத்தாலான இரு தொல்விலங்குகள் நிற்கின்றன. குழந்தைகள் அவற்றின்மேல் சாய்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்நகருக்கு வடமேற்கே உள்ள பொட்டல் வெளியில் 1979-இல் நடைப்பயணம் சென்ற சிலர், பாறையில் பெரிய முதுகெலும்புகள் பதிந்திருக்கக் கண்டனர். அவர்கள் அவற்றைப் பெயர்த்து வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. பின்னர் 1985-இல், பொருட்காட்சிசாலையைச் சேர்ந்த டேவிட் கில்லெட் என்ற அறிஞர் அங்கே அகழ்வைத் தொடங்கினார். இறுகிய மணற்பாறையிலிருந்து எலும்புகளை விடுவிக்க ஆண்டுகள் பல ஆயின. 1991-இல் அவ்விலங்குக்கு சீஸ்மோசாரஸ், அதாவது நிலமதிரச் செய்யும் பல்லி, என்று பெயரிட்டார். அதன் நீளம் 170 அடி வரை இருக்கலாம் என்று கணித்தார். உலகப் பத்திரிகைகளில் அதுவே பேச்சாயிற்று.

பின்னர் நடந்ததுதான் நமக்கு வேண்டிய செய்தி. பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்து வேறு அறிஞர்கள் அதே எலும்புகளை எடுத்து வைத்து, ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். வாலெலும்புகள் சில, வரிசையில் தவறான இடத்தில் எண்ணப்பட்டிருந்தன. வால் சுருங்கியது, வாலோடு விலங்கும் சுருங்கியது, 110 அடிக்குள் அடங்கிற்று. புதிய இனம் என்றது போய், முன்பே தெரிந்திருந்த டிப்ளோடோகஸ் என்னும் இனத்தைச் சேர்ந்ததே என்று 2004-ஐ அடுத்து முடிவு கட்டினர். அறுபது அடியை இழந்ததால் அந்தப் பொருட்காட்சிசாலைக்கு அவமானமா? எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. அவர்கள் பிழை செய்தார்கள். பிழையைக் கண்டுபிடிக்கும் வழியையும் பக்கத்திலேயே வைத்திருந்தார்கள். நமக்கோ, நாம் செய்தது பிழையா சரியா என்று அறியும் வழியே மழையோடு போயிற்று.

நம் நாட்டில் எல்லாமே இப்படித்தான் என்று சோர்ந்துவிட வேண்டாம். 1863-ஆம் ஆண்டு மே மாதத்தில் இராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற புவியியலறிஞர் பல்லாவரத்தில் கைக்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். அவ்வாண்டிலேயே அத்திரம்பாக்கத்திலும் அத்தகைய கற்கருவிகள் கிடைத்தன. அவர் வாழ்நாள் முழுதும் சேர்த்த தொகுதியை 1904-இல் எழும்பூர்ச் செத்த காலேஜ் வாங்கிக்கொண்டது. ஃபுட் செய்த பெரிய காரியம் கற்களைச் சேர்த்ததன்று. கற்கள் எங்கும் கிடைக்கும். எந்தக் கல் எந்த ஊரில், எந்த இடத்தில் கிடைத்தது என்று எழுதி வைத்ததுதான். அதனால் அவருக்குப் பின் வந்தவர்கள் அதே அத்திரம்பாக்கத்துக்குத் திரும்பிச் செல்ல முடிந்தது. 1999 முதல் சாந்தி பப்புவும் அவருடன் பணியாற்றியவர்களும் அங்கே அகழ்ந்தனர். 2011-இல், அங்குள்ள மிகப் பழைய கருவிகளின் வயது ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டு என்று கண்டு வெளியிட்டனர். ஃபுட் இக்கணக்கைக் கனவிலும் கண்டிரார்.

இறுதியாக என் சொந்த அனுபவம் ஒன்று. நான் இளமையில் பணியாற்றிய பள்ளி ஒன்றில் கண்ணாடி அலமாரி ஒன்று இருந்தது. எனக்கு முன் இருந்த ஆசிரியர் எவரோ ஆர்வத்தோடு சேர்த்த கற்கள் அதில் நாற்பது இருக்கும். ஒவ்வொன்றின் கீழும் சிறிய காகிதச் சீட்டு. அதில் ஊர்ப் பெயரும் நாளும் மையால் எழுதப்பட்டிருந்தன. ஒரு கோடை விடுமுறையில் அறைக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். அலமாரியைக் காலி செய்தவர் கற்களைப் பத்திரமாகச் சாக்கில் கட்டி வைத்தார். பழைய காகிதங்களைப் பெருக்கிக் கொட்டிவிட்டார். அவர்மேல் பிழை சொல்ல முடியாது. கல் விலையுள்ளது, காகிதம் குப்பை என்று எண்ணினார். நானும் அந்த விடுமுறையில் ஊரில் இல்லை. போகுமுன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகவும் எனக்குத் தோன்றவில்லை.

பள்ளி திறந்ததும் மாணவர்களோடு உட்கார்ந்து கற்களை வகைப்படுத்தினோம். கருங்கல் எது, வெண்கல் எது, கல்மரம் எது என்று பிரிப்பது கடினமாக இல்லை. சிப்பி பதிந்த கல் ஒன்று அரியலூர்ப் பக்கத்தது போலத் தோன்றியது. கல்மரத் துண்டு ஒன்று திருவக்கரையாகவும் இருக்கலாம், வேறிடமாகவும் இருக்கலாம். "திருவக்கரை என்றே எழுதிவிடலாம் ஐயா, யார் வந்து கேட்கப் போகிறார்கள்?" என்றான் ஒரு பையன். வகுப்பில் பெரும்பாலோர் அவன் பக்கம் சேர்ந்துகொண்டனர். ஒரு பெண் மட்டும் மறுத்தாள். அரைமணி நேரம் வாதம் நடந்தது. கடைசியில் அவளையே எழுதச் சொன்னேன். அலமாரியின் இரண்டாம் தட்டில், அந்தத் துண்டின் கீழ், அவள் கையெழுத்தில் உள்ள சீட்டை நான் அப்பள்ளியை விட்டு வரும்வரை பார்த்திருக்கிறேன்: 'கல்லான மரம். கிடைத்த இடம் தெரியாது. முன்பு இருந்த சீட்டு தொலைந்துவிட்டது.'